நிலாவுல இருக்குற குழியெல்லாம் யாரு தோண்டினது? எட்டு வயசு பொண்ணுக்கு எப்படி சொல்றது

பாபநாசத்துலேந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அவங்க பொண்ணுக்கு எட்டு வயசாம், லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனப்ப அங்க பைனாகுலர்ல நிலாவ காட்டிருக்காங்க, அன்னைலேந்து பொண்ணு விடாம கேட்டுகிட்டே இருக்காம். அந்த குழியெல்லாம் யாரு தோண்டினது, ஏன் எல்லாம் வட்டமாவே இருக்கு, நம்ம ஊர்ல ஏன் அந்த மாதிரி ஒண்ணு கூட இல்ல, இப்பவும் புதுசா குழி விழுமா. அம்மா எரிமலைன்னு சொல்லிட்டாங்க, அப்பறம் மனசு கேக்கல, நான் சொன்னது சரியான்னு கேக்குறாங்க.

அம்மா, மொதல்ல ஒண்ணு. எரிமலைன்னு சொன்னதுக்காக வருத்தப்படாதீங்க. பெரிய பெரிய விஞ்ஞானிங்களே ரொம்ப காலம் அப்படித்தான் நெனச்சிருந்தாங்க. 1609ல கலிலியோ டெலஸ்கோப்ப நிலா பக்கம் திருப்பினாரு, வழவழன்னு கண்ணாடி உருண்டை மாதிரி இருக்கும்னு எல்லாரும் நம்பின நிலா மேடும் பள்ளமுமா கிடந்துது. அதுக்கப்பறம் 300 வருஷத்துக்கு மேல அது எரிமலை வாய்னு சொல்றவங்கதான் அதிகம். 1893ல கில்பர்ட்னு ஒரு அமெரிக்க நிலவியல்காரர், இல்லப்பா இது கல்லு வந்து மோதின தழும்புன்னு எழுதினாரு, பெருசா யாரும் காது குடுக்கல. 1960 வாக்குலதான் யூஜின் ஷூமேக்கர் மாதிரி ஆளுங்க அதை சந்தேகமில்லாம நிரூபிச்சாங்க. அதனால நீங்க தப்பு பண்ணிட்டதா நெனைக்க வேணாம், இப்ப திருத்தி சொல்லிட்டா போதும்.

சரியான பதில் இதுதான்: வானத்துல அலையுற கல்லுங்க, சின்னதும் பெருசுமா, பயங்கர வேகத்துல வந்து நிலாமேல மோதுது, மோதின எடத்துல குண்டு வெடிச்ச மாதிரி வெடிக்குது, அந்த வெடிப்பு தோண்டின குழிதான் நீங்க பாத்தது. "கல்லு விழுந்து குழி ஆச்சு"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க, வெடிப்புங்கற வார்த்தை ரொம்ப முக்கியம். ஏன்னு சொல்றேன்.

நான் திருவையாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியார். இந்த பாடத்த ஒவ்வொரு வருஷமும் செஞ்சு காட்டிதான் நடத்துறது. ஒரு பழைய பிளாஸ்டிக் பேசின் எடுத்துக்கங்க, நல்லா அகலமா. அதுல நைசா சலிச்ச வெள்ளை கோலமாவை மூணு விரக்கடை ஒசரத்துக்கு கொட்டி லேசா தட்டி சமமாக்குங்க (அரிசி மாவுலயும் வரும், ஆனா சாப்பிடுற பொருளை வீணடிக்க எனக்கு மனசு வரல). அது மேல செங்கல்ல இடிச்சு சலிச்ச தூளை, வெள்ளை தெரியாத அளவுக்கு மெல்லிசா தூவி விடுங்க. அவ்வளவுதான், இது நிலா. இப்ப பொண்ணு கையில ஒரு கோலிக்குண்டு குடுத்து இடுப்பு ஒசரத்துலேந்து போட சொல்லுங்க, அப்பறம் தலை ஒசரத்துலேந்து, அப்பறம் நீங்க புடிச்சுகிட்டு ஸ்டூல் மேல ஏத்தி விட்டு அங்கேந்து. ஒரே கோலிதான், ஆனா குழி பெருசாகிட்டே போகும், ஏன்னா மேலேந்து விழ விழ வேகம் ஏறுது. குழியை சுத்தி ஒரு வரப்பு எழும்பிருக்கும் பாருங்க, அது உள்ள இருந்த மாவு தூக்கி வெளிய வீசப்பட்டு விளிம்புல குவிஞ்சது. இன்னும் கிட்ட குனிஞ்சு பாத்தா செவப்பு தூள் மேல வெள்ளை வெள்ளையா கோடு கோடா நாலா பக்கமும் சிதறி இருக்கும். நிலாவுலயும் அச்சா இதே மாதிரி வெள்ளை கோடுங்க இருக்கு, அதை அப்பறம் சொல்றேன்.

வயல் பக்கம் போற வாய்ப்பு இருந்தா பேசின் கூட வேணாம். நடவுக்கு முன்னாடி சேடை ஓட்டி பரம்பு அடிச்சு போட்ட வயல் கண்ணாடி மாதிரி சமமா கிடக்கும்ல, அதுல கரையிலேந்து ஒரு மண்ணாங்கட்டிய தூக்கிப் போட்டா குழி, வரப்பு, சிதறல் எல்லாமே ஒரு செகண்டுல வந்துடும். ஆனா வயல்காரர்கிட்ட கேட்டுட்டு போடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாலஞ்சு வருஷம் முன்னாடி இதே மாதிரி பேசின் வச்சு காட்டிகிட்டு இருந்தேன், பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்துச்சு, ஒரு பையன் மட்டும் குழிக்குள்ள ரெண்டு விரலை விட்டு கோலிய எடுத்துட்டு, "சார், நிலாவுல ஒவ்வொரு குழிக்குள்ளயும் இந்த மாதிரி கல்லு கிடக்குமா?"ன்னு கேட்டான். அதுவரைக்கும் நான் கிடக்கும்னுதான் நெனச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன், அப்பதான் தெரிஞ்சுது நான் இத்தனை வருஷம் பாதி பாடத்தைதான் நடத்திருக்கேன்னு. அந்தப் பையன் கேட்ட கேள்விக்குள்ளதான் மொத்த பதிலும் இருக்கு.

கல்லு அங்க கிடக்காது. பெரும்பாலும் உருகி, ஆவியா போயிருக்கும்.

எப்படின்னு கேட்டா எல்லாம் வேகம்தான். நிலாவுல வந்து மோதுற கல்லு சராசரியா ஒரு செகண்டுக்கு 20 கிலோமீட்டர் கிட்ட வேகத்துல வருது. தஞ்சாவூர்லேந்து கும்பகோணம் பஸ்ல போனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது, அந்தக் கல்லுக்கு ரெண்டே ரெண்டு செகண்டு. வேகம் ரெண்டு மடங்கானா அது சுமந்துகிட்டு வர்ற சக்தி நாலு மடங்காகும், வேகம் பத்து மடங்கானா சக்தி நூறு மடங்கு. கணக்கு போட்டு பாத்தீங்கன்னா அந்த வேகத்துல வர்ற ஒரே ஒரு கிலோ கல்லுக்குள்ள 45 கிலோ டிஎன்டி வெடிமருந்தை விட கூடுதலான சக்தி இருக்கு. கல்லுல மருந்து எதுவும் கிடையாது, வெறும் வேகம் மட்டும்தான். அந்த வேகம் கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள நிக்கணும், அவ்வளவு சக்தியும் எங்கயாவது போயாகணும், அது தரைக்குள்ள அதிர்ச்சி அலையா எறங்குது, சூடா மாறுது, கல்லும் கல்லு தொட்ட பாறையும் அந்த அழுத்தத்துல உருகி ஆவியாகி அப்படியே வெடிக்குது.

இதை நம்பாம காசை தொலைச்சவரும் உண்டு. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல 1.2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய குழி இருக்கு, சுமார் 50,000 வருஷம் முன்னாடி ஏறக்குறைய 50 மீட்டர் அகல இரும்பு விண்கல்லு மோதினது. டேனியல் பாரிஞ்சர்னு ஒரு சுரங்க இஞ்சினியர், இது விண்கல்லு போட்ட குழிதான்னு அந்தக் காலத்துலயே தைரியமா சொன்னாரு, அதுல அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா அவ்வளவு பெரிய இரும்பு முழுசா அடியில புதைஞ்சு கிடக்கும், தோண்டி எடுத்து வித்துடலாம்னு நெனச்சாரு. 1903ல ஆரம்பிச்சு 1929ல சாகுற வரைக்கும் தோண்டி தோண்டிப் பாத்தாரு, அந்த இரும்பு மலை கிடைக்கவே இல்ல. எங்க பையன் பேசின்ல விரலை விட்டு தேடினதும் அவரு துளை போட்டு தேடினதும் ஒரே கேள்விக்குத்தான்.

இப்ப பொண்ணோட ரெண்டாவது கேள்வி, ஏன் எல்லாமே வட்டம். வானத்துலேந்து வர்ற கல்லு நேரா செங்குத்தாவே விழுமா என்ன, பாதிக்கு மேல சாய்ஞ்சுதான் வரும். பேசின்ல கோலிய சாய்ச்சு எறிஞ்சு பாருங்க, குழி நீளமாத்தான் வரும், வட்டமா வராது. அப்ப நிலாவுல மட்டும் எப்படி? வெடிப்புன்னு சொன்னேன்ல, அதுதான் காரணம். தீபாவளிக்கு ஆத்து மணல்ல வெடிய பொதைச்சு வெடிச்ச அனுபவம் நம்ம ஊர் ஆளுங்க எல்லாருக்கும் இருக்கும். வெடிய நிமித்தி வச்சாலும் சரி, படுக்க வச்சாலும் சரி, மணல்ல விழுற குழி வட்டமாத்தான் இருக்கும், ஏன்னா வெடிப்பு ஒரு புள்ளியிலேந்து எல்லா பக்கமும் ஒரே மாதிரி தள்ளுது. நிலாவுலயும் கல்லு எந்தப் பக்கத்துலேந்து வந்துதுங்கறது குழிக்கு தெரியறதில்ல, வெடிச்ச புள்ளிதான் தெரியும். (இதை பொண்ண வச்சு செஞ்சு பாக்க வேணாம், சொன்னா போதும், இல்லன்னா தீபாவளி அன்னைக்கு பெரியவங்க செஞ்சு தூர நின்னு காட்டுங்க.) ரொம்ப ரொம்ப படுக்கையா, தரையை ஒரசுற மாதிரி வந்தா மட்டும் நீளக் குழி விழும், நிலாவுல மெஸ்ஸியர்னு ஒரு குழி அப்படி நீளவாக்குல இருக்கு. அது அபூர்வம்.

குழி கல்ல விட எவ்வளவு பெருசுன்னு கேட்டா, ஏறக்குறைய 10லேந்து 20 மடங்கு வரைக்கும், சின்ன கல்லுன்னா அதுக்கும் மேல. ஆகுற நேரம் ரொம்ப கம்மி, சின்ன குழி சில செகண்டு, நூறு கிலோமீட்டர் கிட்ட வர்ற பெரிய குழியே சில நிமிஷம்தான். நம்ம ஊர்ல ஒரு வாய்க்கால் தூர் வார எத்தனை நாள் ஆகுதுன்னு யோசிச்சுக்கங்க.

நிலாவுல எல்லா குழியும் ஒரே மாதிரி இருக்காது. சுமார் 15 கிலோமீட்டருக்குள்ள இருக்குறது வெறும் கிண்ணம் மாதிரி, அகலத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆழம். அதுக்கு மேல போனா ரெண்டு விஷயம் புதுசா வரும். ஒண்ணு, ஓரம் சரியும், நம்ம ஊர்ல ஆத்துல தண்ணி எறங்கினதும் கரை படிப்படியா சரிஞ்சு நிக்குமே அதே மாதிரி உள்பக்கம் படிக்கட்டு படிக்கட்டா இருக்கும். ரெண்டாவதுதான் பிள்ளைங்களுக்கு ரொம்ப புடிக்கும், குழிக்கு நட்ட நடுவுல ஒரு மலை நிக்கும். குழிக்குள்ள மலை எப்படி வந்துதுன்னா, ஒரு அகல பாத்திரத்துல தண்ணிய வச்சுகிட்டு கொஞ்சம் ஒசரத்துலேந்து ஒரே ஒரு சொட்டு தண்ணி விட்டு கண்ண இமைக்காம பாருங்க. சொட்டு விழுந்த எடம் மொதல்ல பள்ளமாகும், அடுத்த நொடி அதே எடத்துலேந்து தண்ணி ஒரு குச்சி மாதிரி மேல எழும்பும். செல்போன்ல ஸ்லோ மோஷன் இருந்தா எடுத்து காட்டுங்க, பொண்ணு பத்து தடவை பாக்கும். பெரிய மோதல்ல நிலாவோட பாறை கொஞ்ச நேரத்துக்கு இந்த தண்ணி மாதிரியே நடந்துக்குது, அடி வாங்கி கீழ போன தரை திரும்ப மேல துள்ளுது, துள்ளினது கீழ எறங்கறதுக்குள்ள அப்படியே நின்னு போயிடுது. தண்ணியில குச்சி எறங்கிடும், பாறையில மலையா நின்னுடும்.

இதுக்கு நல்ல உதாரணம் டைகோங்கற குழி. சுமார் 85 கிலோமீட்டர் அகலம், அதாவது ஒரு கரை திருச்சியில இருந்தா எதிர்க்கரை கும்பகோணத்தையும் தாண்டி இருக்கும், நடுவுல கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர், பாபநாசம் எல்லாமே குழிக்குள்ள. விளிம்புலேந்து அடி 4.7 கிலோமீட்டர் ஆழம். நடுமலை 2 கிலோமீட்டர் ஒசரம், அதோட உச்சியில 120 மீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு பாறை உக்காந்திருக்கு, நாசாவோட எல்ஆர்ஓ விண்கலம் மேலேந்து படம் எடுத்து காட்டிச்சு. நான் அந்தப் படத்தை மொத தடவை பாத்தப்ப ரொம்ப நேரம் மூட முடியல. டைகோ ஆகி சுமார் 10.8 கோடி வருஷம்தான் ஆகுது, நிலா கணக்குக்கு அது நேத்து. அதனாலதான் அது தெறிச்ச வெள்ளை கோடுங்க இன்னும் பளிச்சுன்னு இருக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்கு. உங்க பேசின்ல கோலமாவு தெறிச்சதும் இதுவும் ஒண்ணுதான், உள்ள இருந்த புது மண்ணு வெளிய வந்து பழைய மண்ணு மேல விழுந்தது.

இதை விட பெருசும் இருக்கு. நிலாவோட தெற்கு முனையிலேந்து நமக்கு தெரியாத பின்பக்கம் வரைக்கும் ஒரு பள்ளம், சுமார் 2,500 கிலோமீட்டர், கன்னியாகுமரியில ஆரம்பிச்சா டெல்லியையும் தாண்டும். நிலாவே குறுக்க 3,474 கிலோமீட்டர்தான்ங்கறப்ப அந்த அடி எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

அப்ப வடை சுடுற பாட்டி? பொண்ணு கண்டிப்பா கேக்கும். இங்கதான் உங்க எரிமலைக்கும் ஒரு எடம் இருக்கு. கறுப்பு கறுப்பா தெரியுற அந்த பாட்டியும் முயலும், பெரிய பெரிய மோதல் பள்ளங்கள்ல பின்னாடி நிலாவுக்குள்ளேந்து எரிமலைக் குழம்பு பொங்கி வந்து நெரம்பி, ஆறி, கறுப்பு பாறையா ஆன சமவெளி. பெரும்பாலும் 300 கோடி வருஷத்துக்கு முந்தின கதை. பள்ளத்தை தோண்டினது கல்லு, அதை ரொப்பினது எரிமலை, அப்படி சொல்லுங்க. அந்த கறுப்பு பகுதியில குழி கம்மியா இருக்கும், வெள்ளை பகுதியில குழிமேல குழி. ஏன்னா மழைத் தூத்தல் ஆரம்பிச்சப்பறம் வாசல்ல பாதியை மட்டும் புதுசா சாணி போட்டு மெழுகினா அந்தப் பாதியில புள்ளி கம்மியாத்தானே இருக்கும், அதே கணக்கு. விஞ்ஞானிங்க நெசமாவே இப்படி குழிய எண்ணித்தான் எந்த எடம் பழசு எது புதுசுன்னு கண்டுபுடிக்கறாங்க, அப்போலோ ஆளுங்க 1969லேந்து 1972க்குள்ள கொண்டு வந்த 382 கிலோ கல்லு மண்ண வச்சு அந்த எண்ணிக்கைக்கு வயசு போட்டாங்க.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச கேள்விக்கு வரேன், நம்ம ஊர்ல ஏன் இல்ல.

பூமியிலயும் விழுந்துச்சு. நிலாவ விட பூமி பெருசு, இழுக்குற சக்தியும் அதிகம், அதனால இங்க நிலாவுல விழுந்ததை விட அதிகமாவே விழுந்திருக்கணும். சின்ன கல்லுங்க காத்துல உரசி எரிஞ்சு எரிநட்சத்திரமா போயிடும், அது ஒரு பக்கம். ஆனா பெருசு வந்தா காத்து தடுக்காது. அந்தக் குழியெல்லாம் எங்க? அழிஞ்சு போச்சு. மழை கரைச்சுது, காத்து அரிச்சுது, ஆறு மண்ண கொண்டாந்து ரொப்புச்சு, மரம் வேர் விட்டுது, பூமியோட மேல்தட்டே நகர்ந்து மடிஞ்சு உள்ள போயிடுச்சு. மொத்த உலகத்துலயும் விண்கல் குழின்னு உறுதியானது 200 கிட்டத்தான் இருக்கு, நிலாவுல ஒரு கிலோமீட்டருக்கு மேல அகலமானதே லட்சக்கணக்குல இருக்கு.

அழிக்கற வேலைய நம்ம காவேரி மாதிரி யாரும் செய்ய முடியாது. பொண்ண கூட்டிகிட்டு ஆத்துப் பக்கம் போங்க, கோடையில தண்ணி இல்லாதப்ப மணல்ல ஒரு முழ ஆழத்துக்கு குழி தோண்ட சொல்லுங்க. தண்ணி தொறந்து விட்டு ஒரு வாரம் கழிச்சு எங்கன்னு கேளுங்க, தேடினாலும் கிடைக்காது. நம்ம டெல்டாவே அப்படி உண்டானதுதான், குடகுலேந்து வர்ற தண்ணி வழியெல்லாம் மண்ண அள்ளிகிட்டு வந்து வருஷா வருஷம் இங்க போட்டு போட்டு மேடாக்கின பூமி. நம்ம பக்கம் போர் போடுறவங்கள கேட்டுப் பாருங்க, நூறு அடி எறங்கினாலும் மணலும் களியும்தான் மாறி மாறி வரும், பாறைங்கறதே கண்ணுல படாது. வயல்ல ஒரு கருங்கல்லு கிடந்தா யாரோ கொண்டாந்து போட்டதுன்னு சின்னப் பிள்ளைக்கு கூட தெரியும். இந்த மண்ணுக்கு கீழ ஏதாவது பழைய குழி இருந்தா கூட நாம அது மேல நெல்லு நட்டுகிட்டு இருப்போம், தெரியவே தெரியாது.

நிலாவுல காவேரி இல்ல. மழை இல்ல, காத்து இல்ல, புல்லு பூண்டு இல்ல. 1969 ஜூலையில ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நடந்தப்ப பதிஞ்ச பூட்ஸ் தடம் இன்னும் கிடக்கு, இன்னும் லட்சக்கணக்கான வருஷம் கிடக்கும். தூசு அளவு கல்லுங்க மட்டும் விழுந்து விழுந்து ரொம்ப மெதுவா மேல்மண்ண கெளறிகிட்டே இருக்கும். 390 கோடி வருஷத்துக்கு முன்னாடி விழுந்த அடியோட அடையாளம் நேத்து ராத்திரி உங்க பொண்ணு பாத்த நிலாவுல அப்படியே இருந்துது. நம்ம பூமிக்கு சின்ன வயசுல என்னென்ன ஆச்சுன்னு நமக்கே ஞாபகம் இல்ல, பக்கத்துல இருந்து கூடவே அடி வாங்கின நிலாகிட்டதான் கேட்டு தெரிஞ்சுக்கணும். நான் இந்த பாடத்த விடாம நடத்துறதுக்கு காரணமே இது ஒண்ணுதான்.

இந்தியாவுல ஒரு நல்ல விண்கல் குழி பாக்கணும்னா மகாராஷ்டிராவுல லோனார் இருக்கு, 1.8 கிலோமீட்டர் அகலம், உள்ள ஏரி. அது எரிமலைக் குழம்பு ஆறின கறுப்பு பாறையில விழுந்த குழி, நிலாவுல பாட்டி இருக்குற எடமும் அதே வகை பாறைங்கறதால உலகம் முழுக்க விஞ்ஞானிங்க அங்க வந்து ஆராய்ச்சி பண்றாங்க. வடநாட்டு டூர் போறவங்க ஒரு நாள் ஒதுக்கினா நல்லது.

கடைசி கேள்வி, இப்பவும் விழுமா. விழுது. 2013 மார்ச் 17ஆம் தேதி நிலாவோட கறுப்பு பகுதி ஒண்ணுல ஒரு வெளிச்சம் பளிச்சுன்னு மின்னி மறைஞ்சுது, ஒரு செகண்டு, அந்த நேரம் சரியா அங்க பாத்துகிட்டு இருந்தா வெறும் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும். சுமார் 40 கிலோ கல்லு, ஒரு அடிக்கு கொஞ்சம் கூட அகலம். அப்பறம் எல்ஆர்ஓ போய் படம் எடுத்தப்ப 18 மீட்டர் அகலத்துக்கு புத்தம் புது குழி இருந்துது. பழைய படத்தையும் புது படத்தையும் பக்கத்துல வச்சு தேடினதுல 2016 வரைக்கும் 222 புது குழிய கணக்கெடுத்திருக்காங்க. நம்ம மேல விழுமான்னு பொண்ணு பயந்தா, அந்த 40 கிலோ கல்லு பூமிக்கு வந்திருந்தா பெரும்பாலும் காத்துலயே எரிஞ்சு சிதறியிருக்கும், நமக்கு மேல காத்துன்னு ஒரு போர்வை இருக்குன்னு சொல்லுங்க. அது பொய் சமாதானம் இல்ல, உண்மையே அதுதான்.

நம்ம சந்திரயானுக்கும் இந்த குழிங்களோட பெரிய பாடு. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் விக்ரம் எறங்கினதை பள்ளிக்கூடத்துல டிவி வச்சு எல்லாரும் பாத்தோம், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர்னு சொன்னதும் பிள்ளைங்க கைதட்டினது இன்னும் காதுல இருக்கு. நாலு நாள் கழிச்சு பிரக்யான் ரோவர் போய்கிட்டு இருந்த வழியில 3 மீட்டர் தூரத்துல 4 மீட்டர் அகல குழி ஒண்ணு வந்துடுச்சு, இங்கேந்து உத்தரவு போய் வந்த வழியே திருப்பி வேற பாதையில விட்டாங்க. அந்த ஃபோட்டோவ இஸ்ரோ வெளியிட்டுது, தேடி எடுத்து பொண்ணுக்கு காட்டுங்க, சக்கரத் தடமும் குழியும் தெளிவா தெரியும். சந்திரயானை சோதிச்சுப் பாக்க நிலா மண்ணு மாதிரியே மண்ணு வேணும்னு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில கிடைக்கிற பாறைய இடிச்சுதான் செஞ்சாங்க, அதையும் சேத்து சொல்லுங்க.

எப்ப பாக்கணும்னு ஒரு வார்த்தை. பௌர்ணமிக்கு எல்லாரும் பைனாகுலரை தூக்குவாங்க, ஆனா குழி பாக்க அது சரியான நாள் இல்ல. வெயில் நேரா விழும், நிழலே இருக்காது, எல்லாம் தட்டையா தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி சாயங்காலம்தான் சரி, நிலா உச்சிக்கு கிட்ட இருக்கும், வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டை ஒட்டி பாருங்க, அங்க வெயில் சாய்வா விழுறதால ஒவ்வொரு குழியும் நிழலோட எழும்பி நிக்கும். பௌர்ணமி டைகோவோட வெள்ளை கோடு பாக்க மட்டும் நல்ல நாள். ஆனா புஸ்தகத்துல டைகோ கீழ இருக்குற மாதிரி படம் போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல நிலா உதிக்கும்போது அது அப்படி நிக்காது, படுத்த மாதிரி இருக்கும், டைகோ உங்க வலது கை பக்கம் வரும். இது தெரியாம நான் மொத தடவை அரை மணி நேரம் கீழயே தேடிகிட்டு இருந்தேன்.

அதே நேரம் நிலாவோட கீழ்ப்பக்கம், கொஞ்சம் இடது கை ஓரமா ஒரு சின்ன புள்ளி மத்ததை விட பளபளன்னு மின்னும், அது அரிஸ்டார்கஸ் குழி. அதுக்கு கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன குழிக்கு ராமன்னு பேரு, நம்ம சி.வி. ராமன்தான், 1888ல திருவானைக்காவல்ல பொறந்தவரு. பைனாகுலர்ல அது தெரியாது, நல்ல டெலஸ்கோப் வேணும், ஆனா அந்த எடத்த கைய நீட்டி காட்டி, கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவுல பொறந்த ஒருத்தர் பேரு அங்க இருக்குன்னு சொல்லலாம்.

பேசினையும் கோலமாவையும் அதுக்குள்ள எடுத்து வச்சுடாதீங்க. நெசமான குழிய பாத்துட்டு மாடியிலேந்து கீழ எறங்கி வந்ததும் பொண்ணு இன்னொரு தடவை கோலிய போட்டுப் பாக்கணும்னு கேக்கும்.